சோள சாலட்டும் கருவாட்டு டப்பாவும்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், இன்ஸ்டாகிராமில் ஐந்து கண்ணாடி டப்பாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அடியில் ஏதாவது ஒரு சிறுதானியம், மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று காய்கள், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. இதற்கு ‘மீல் பிரெப்’ என்று பெயர். ஒரு நாள் சமைத்து அடுத்த சில நாள்களுக்குப் பிரித்து வைத்துக்கொள்வது. அதே கிண்ணத்தைச் சென்னையில் செயலி வழியாக வாங்கினால் 300 ரூபாயைத் தொடுகிறது.

இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது எளிது. நம் வட்டத்தில் அதைச் செய்கிறவர்களும் உண்டு. நான் அதற்காக எழுதவில்லை. தோழர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் ஆர்ப்பாட்டம் நடக்கிற இடத்தில் கிடைக்கிற பொட்டலம், இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. இருபத்தைந்து வயதில் வயிற்றுப் புண், முப்பதில் சர்க்கரை. கல்லூரி விடுதியில் இருக்கும் தங்கைகளில் ரத்தசோகை இல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆகவே அந்த டப்பா நமக்கு வேண்டும். தானியமும் பயறும் காயும் ஒரே பாத்திரத்தில், அதிகச் செலவில்லாமல், தினமும் அடுப்பு பற்ற வைக்காமல் கிடைப்பது நல்ல விஷயம்.

என் சண்டை டப்பாவோடு இல்லை. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற கதையோடுதான்.

அந்தக் கதை இப்படிப் போகும்: நம் முன்னோர் சிறுதானியம் சாப்பிட்டார்கள், ஆரோக்கியமாக இருந்தார்கள், வெள்ளை அரிசி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது, இப்போது மறுபடி பாரம்பரியத்துக்குத் திரும்புகிறோம். ஐ.நா. 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதை முன்மொழிந்த நாடு இந்தியா. அந்த ஆண்டு பட்ஜெட் உரையில் ஒன்றிய நிதியமைச்சர் இந்தத் தானியங்களை ‘ஸ்ரீ அன்னா’ என்று அழைத்தார். கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை என்று ஊருக்கு ஊர் பெயர் வைத்துப் பேசியவர்கள் நாம். நாம் வைத்திருந்த பெயர் போதவில்லை, ‘ஸ்ரீ’ ஒட்டினால்தான் மேசைக்கு வரும் போலிருக்கிறது.

‘நம் முன்னோர்’ என்று சொல்லும்போது யாருடைய முன்னோர் என்று கேட்க வேண்டும். பண்ணையில் வேலை செய்த நம் பாட்டன் பாட்டிக்குக் கூழும் களியும் ஆரோக்கியத் தேர்வாக வரவில்லை. கூலியாக வந்தது. அதுவும் எப்படி வந்தது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாத்திரம் தொடாமல், தூக்கி ஊற்றப்பட்டு வந்தது. நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் நாம்தான். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் ராமநாதபுரத்து மானாவாரி ஊர்களிலும் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற விருந்தாளி என்பார்கள். நெல் விளைகிற தஞ்சையிலேயே கூலியாக அளக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் எங்கே போய் முடிந்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தானியத்தைப் பற்றிப் பேசுகிற எந்தக் கட்டுரையும் அந்தக் குடிசையைத் தாண்டிப் போக முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அதனால்தான் அரிசி நமக்கு வெறும் மாவுச்சத்து இல்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அப்படி வேலை செய்தது? 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசமானபோது சேரியில் ஏற்பட்ட நிம்மதி என்ன மாதிரியானது? நிலக்காரர் வீட்டு வாசலில் நிற்காமல், அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, உரிமையாக வாங்கிய அரிசி அது. ‘ரேஷன் அரிசி சாப்பிட்டுச் சோம்பேறி ஆகிவிட்டார்கள், வேலைக்கு ஆள் வருவதில்லை’ என்று புலம்புகிறவர்களின் வயிற்றெரிச்சலே அதற்குச் சாட்சி. வேலைக்கு ஆள் வரவில்லை என்றால், அவர்கள் சொல்கிற கூலிக்கு ஆள் வரவில்லை என்று பொருள்.

இப்போது அதே தெருவுக்குள் சில தன்னார்வ நிறுவனங்கள் போய், ‘வெள்ளை அரிசியை விடுங்கள், சிறுதானியத்துக்கு மாறுங்கள்’ என்று பெண்களை உட்கார வைத்துப் பாடம் எடுக்கின்றன. நம்மில் சிலரே அந்த வகுப்பை எடுக்கப் போகிறோம். போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குக் கேழ்வரகைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். அந்தத் தானியத்தை இன்று வாங்கப் போனால் அரிசியைவிட விலை அதிகம் என்பதும் தெரியும். 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் விரும்புகிறவர்களுக்கு அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. ‘விரும்புகிறவர்களுக்கு’ என்பதுதான் அதில் முக்கியமான சொல். பாடம் எடுப்பதைவிட, அந்தத் திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கும் கேட்பது உருப்படியான வேலை.

சரி, சிறுதானியத்தின் வரலாறு முழுக்க அவமானம்தானா என்றால், இல்லை. தெலங்கானாவின் ஜாகீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் பெண்கள் சங்கங்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு துண்டு நிலம் உள்ளவர்கள். தரிசாகக் கிடந்த நிலத்தை உழுது, சோளத்தையும் பயறுகளையும் கலந்து விதைத்து, விதையைத் தாங்களே சேமித்தார்கள். அரசு ரேஷனில் அரிசி மட்டும் வந்த காலத்தில், தங்கள் ஊர்களிலேயே சோளத்தைத் திரட்டி ஏழைக் குடும்பங்களுக்குத் தாங்களே பங்கிட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 2008இல் சங்கம் ரேடியோ என்று சொந்தமாக வானொலி தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே சோளம் யாரும் ஊற்றிக் கொடுத்த கூழாக இல்லை. விதையும் களஞ்சியமும் அந்தப் பெண்கள் கையில் இருந்தன. அதே தானியத்துக்கு அது இன்னொரு வரலாறு. சாலட் கிண்ணத்தின் அட்டையில் அந்தப் பெண்களின் படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. யாரோ ஒரு யோகா பாய் இருக்கும்.

‘முதல்நாள் சமைத்து மறுநாள் சாப்பிடுவது’ என்பதும் இப்படித்தான். அதை நாம் காலங்காலமாகச் செய்துவந்தபோது பழையது, பழங்கஞ்சி, ஊசிப்போனது என்று முகம் சுளித்தார்கள். ‘பழையது தின்கிறவன்’ என்பதே வசவு. பிறகு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோறு குடலுக்கு என்ன செய்கிறது என்று ஆராய ஆரம்பித்ததும் நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் வந்துவிட்டது. மாட்டிறைச்சியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப்போட்டு எடுத்துவைக்கும் உப்புக்கண்டம் மட்டும் வேறென்ன? கிடைக்கிற அன்று அதிகமாகக் கிடைக்கும், கிடைக்காத நாள் பல இருக்கும், அதற்கேற்பச் சேமித்துவைக்கும் அறிவு அது. மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சமையலை ஷாகு பட்டோலே 2015இல் மராத்தியில் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. விடுதி நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்க வையுங்கள். நம் பக்கத்துச் சமையலுக்கு அப்படி ஒரு முழுப் புத்தகத்தை உங்களில் யாராவது எழுதலாம். ஆயாக்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை அது.

டப்பாவுக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு விடுதி மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முதல் தலைமுறைப் பட்டதாரி, கெட்டிக்காரப் பெண். தினமும் சாலட் கொண்டுபோவதாகச் சொன்னாள். நல்ல பழக்கம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, “சாலட்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கக்கா” என்றாள்.

அந்த ஒரு வரியை விளக்க எம்.ஏ. சமூகவியலில் படித்த பாதிப் புத்தகம் தேவைப்படும். டப்பாவைத் திறந்தால் கருவாடு, குழம்பு, கறி எல்லாம் வாசனையோடு வெளியே வரும். வாசனை வந்ததும் தலை திரும்பும். தலை திரும்பியதும் ‘நீங்க எந்த ஊர்?’ என்ற கேள்வி வரும். அது ஊரைப் பற்றிய கேள்வி இல்லை என்பது நமக்குத் தெரியும். சாலட்டுக்கு வாசனை இல்லை. ஊர் இல்லை, தெரு இல்லை. வண்ணம் மட்டும் இருக்கிறது. அதன் மரியாதையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. நம் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, உடல்நலத்துக்காக இல்லாமல் ஒளிந்துகொள்வதற்காகச் சாப்பிடுகிறார்கள்.

இது அந்தப் பெண்ணின் கற்பனைப் பயம் இல்லை. 2018 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸ் வளாக உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி நுழைவாயில், தனித்தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். 2023இல் ஐஐடி பம்பாய் விடுதி உணவகத்தில் ‘சைவர்கள் மட்டும்’ மேசைகள் வந்தன. அதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கர்நாடகத்தில் 2021 இறுதியில் சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். அந்த மாவட்டக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு அவர்களை அத்தனை தொந்தரவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 1989 முதல் சத்துணவில் முட்டை இருக்கிறது, ஆனால் நாமும் மார்தட்டிக்கொள்ள முடியாது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் பெண் சமைத்தார் என்பதற்காகவே காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே சமைத்தது கறி இல்லை, உப்புமாவும் கிச்சடியும் மாதிரியான சைவம்தான். சிக்கல் எப்போதும் பாத்திரத்துக்குள் இருப்பதில்லை, யார் கை என்பதில் இருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் பலகாரப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டபடி கொண்டுபோகும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்குள் இருந்ததும் சைவம்தான்.

ஆகவே ‘சைவ டப்பா கொண்டுபோனால் தப்பித்துவிடலாம்’ என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. நான் சொல்வது இது: சாலட்டைச் செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். கூடவே இன்னொரு சின்ன டப்பாவும் எடுத்துப் போங்கள்.

செய்முறை. ஒருவருக்கு நான்கு மதியம் என்று கணக்கு.

வெள்ளைச் சோளம் 300 கிராம், கறுப்புக் கொண்டைக்கடலை 150 கிராம். சோளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், சாமையும் வரகும் இரண்டாம் நாளே குழைந்து உப்புமா மாதிரி ஆகிவிடும். முழுச் சோளம் தோலோடு இருப்பதால் நான்காம் நாளும் மென்று தின்னும்படி நிற்கும். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புச்சத்துகூடத் தேறாது, சோளத்தில் சுமார் 4 இருக்கும். முழுக் கம்பு கிடைத்தால் அதில் இன்னும் கூடுதல். ஆனால் கம்பில் கல் பார்த்துப் பார்த்துக் கண் போய்விடும்.

இரண்டையும் இரவே தனித்தனியாக ஊறப் போட வேண்டும், எட்டு மணி நேரமாவது. காலையில் சோளத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, குக்கரில் ஏழெட்டு விசில். பிறகு பத்து நிமிடம் சிறு தீ. கடலைக்கு ஐந்தாறு விசில் போதும். ஒரே குக்கரில் போட்டு நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒன்று வெந்திருக்கும், இன்னொன்று பல்லைப் பதம் பார்க்கும். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும். தானியத்தை அகலத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து ஊசிப்போகும்.

காய் என்று சூப்பர் மார்க்கெட்டில் மூன்று நிற குடைமிளகாய் தேட வேண்டாம். சந்தையில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் இருக்கிறது, வெயில் காலத்தில் மாங்காய் இருக்கிறது. நிறம் போதாதா? கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். பீட்ரூட்டைத் தனியாக வேகவைத்துத் தனியாகவே வைக்க வேண்டும். சேர்த்துவைத்தால் மறுநாள் எல்லாமே ஒரே நிறம். முட்டைக்கோஸ் பச்சையாக, நூல் மாதிரி. வெங்காயம், வெள்ளரி, தக்காளி மூன்றையும் அன்றன்று காலையில்தான் நறுக்க வேண்டும், தண்ணீர் விட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டில் முருங்கை மரம் இருந்தால் ஒரு கைப்பிடிக் கீரையை உருவி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு மொறுமொறுவென்று வறுத்துத் தூவலாம். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், பச்சை மிளகாய், உப்பு, மிளகுத்தூள் எல்லாவற்றையும் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் குலுக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது ஊற்றுங்கள். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள், தானியத்தின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்த இரும்பு வீணாகும். கூட்டம் முடிந்ததும் டீ இல்லாமல் நமக்கு அரசியல் ஓடாது என்பது தெரியும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இனி அந்தச் சின்ன டப்பா. அவித்த முட்டை என்றால் ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்து, அன்றன்று உரித்துக்கொள்ளலாம். நெத்திலிக் கருவாடு என்றால் தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று முறை அலசி, ஈரம் போகத் துடைத்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பிசிறிச் சிறு தீயில் முறுகலாக வறுக்க வேண்டும். நன்றாக ஆறியபின் ஈரமில்லாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும். சாப்பிடும்போது சோளத்தின் மேல் தூவிப் பாருங்கள். புளிப்பு, உப்பு, மொறுமொறுப்பு. கடையில் சீஸ் துருவிப் போடுகிற இடத்தில் இதைப் போட வேண்டும். உப்புக்கண்டம் சுட்டு, நசுக்கிப் போடலாம், அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபிரிட்ஜ் இல்லாத அறை என்றால் இந்த நான்கு நாள் கணக்கு ஆகாது. நம் வெயிலில் காலையில் வேகவைத்த தானியம் மாலைக்குள் கெட ஆரம்பிக்கும். அங்கே கருவாடு, நிலக்கடலை, வறுத்த கீரை என்று உலர்ந்ததை மட்டும் வாரத்துக்குச் செய்துகொண்டு, தானியத்தை அன்றன்று வேகவையுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தாலும் நான்கு நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. சேர்ந்து தங்கியிருக்கும் தோழர்கள் அறையில் இதை யார் செய்வது? அமைப்புகளின் வாடகை அறைகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஆண் தோழர்கள் அம்பேத்கரையும் கிராம்ஷியையும் விவாதித்துக்கொண்டிருப்பார்கள், வந்திருக்கும் ஒரே பெண் தோழர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி நடந்துவிடுகிறது என்பார்கள். சாதியும் தானாகத்தான் நடக்கிறது. மீல் பிரெப்பில் எனக்குப் பிடித்ததே, சமையலை அது ஒரு நாளுக்குள், பட்டியல் போட்டுப் பிரிக்கக்கூடிய வேலையாக மாற்றுகிறது என்பதுதான். ஊறப் போடுவது ஒருவர், நறுக்குவது இருவர், கருவாடு அலசுவது ஒருவர், குக்கர் கழுவுவது ஒருவர். குக்கர் கழுவும் பெயரை முதலில் எழுதுங்கள். அடி பிடித்த சோளத்தைச் சுரண்டுவதுதான் இதில் கஷ்டமான வேலை, விவாதத்தில் அதிகம் பேசியவருக்கு அதைக் கொடுக்கலாம்.

டப்பாவைத் திறந்ததும் தலை திரும்பும் என்றேனே, அதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். தனியாக இருக்கும்போது வீரம் காட்டச் சொல்ல மாட்டேன். முதல் வருடத்தில், உதவித்தொகை கையெழுத்துக்கு ஒரு பேராசிரியரை நம்பியிருக்கும்போது, கருவாட்டு டப்பாவை அறையிலேயே வைத்துவிட்டுப் போகும் தங்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அவளை நான்கு பேராக ஆக்குவது நம் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், படிப்பு வட்டத்தில் இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பெரிய டப்பாவில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடலாம். கருவாட்டு டப்பா நடுவில் இருக்கட்டும். யாராவது வந்து ‘என்ன வாசனை?’ என்று கேட்டால், ‘நெத்திலி, உட்காருங்க, சாப்பிடலாம்’ என்று சொல்லி ஒரு தட்டை நகர்த்துங்கள். உட்காருகிறவர் நம்மோடு பேசக்கூடியவர். உட்காராதவர் அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒட்டினால், அதைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு, முதல்வருக்கும் கல்லூரியின் எஸ்சி, எஸ்டி பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

சந்தை எங்கள் பக்கம் சனிக்கிழமை. சோளத்தை உடைத்தது, மாவு என்று தந்துவிடப் போகிறார்கள், முழுசாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.